ஆடைக்கான டிஜிட்டல் பாஸ்போர்ட்: லாட் எண் எந்த இடத்தில் தொலைகிறது?

பனியன்_கணக்கு:
திருப்பூரில் நாற்பது தையல் இயந்திரங்களை வைத்துச் சிறிய அளவில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறோம். அடுத்த சீசன் முதல் ஒவ்வொரு ஸ்டைலுக்கும் நூல் எந்த மில்லில் நூற்கப்பட்டது, துணி எங்கே பின்னப்பட்டது, எந்தச் சாயப்பட்டறையில் என்றைக்குச் சாயமேறியது ஆகிய விவரங்களை டிஜிட்டல் பாஸ்போர்ட்டுக்காக (பொருள் உருவான விவரங்களைக் க்யூஆர் போன்ற குறியீட்டின் வழியே காட்டும் மின்பதிவு) நாங்களே பதிவேற்ற வேண்டும் என்று எங்கள் ஜெர்மானிய பையர் (எங்களிடம் ஆடை வாங்குபவர்) எழுதியிருக்கிறார். எங்கள் கூரையின் கீழ் நடப்பவை கட்டிங், தையல், பேக்கிங் மட்டுமே; நிட்டிங் (துணி பின்னுவது), சாயம், காம்பாக்டிங் (பிறகு சுருங்காதபடி துணியை அழுத்திப் பதப்படுத்துவது) எல்லாம் ஜாப் ஒர்க், அதாவது வெளியே கூலிக்குக் கொடுத்துச் செய்வது. கையில் இருப்பவை சரக்கோடு போய்வரும் டெலிவரி சலான் கட்டுகளும், ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் எக்செல் தாளும்தான். மென்பொருள் விற்பவர்கள் இருவர் வந்து பிளாக்செயின் (எழுதியதைப் பிறகு மாற்ற முடியாத மின்பதிவேடு) பற்றி விளக்கிவிட்டுப் போனார்கள். விலையைக் கேட்டபின் தூக்கம் வரவில்லை. இது சட்டமா, பையரின் விருப்பமா? எங்கிருந்து தொடங்குவது?

ஏற்றுமதி_ஆவணம்:
இரண்டும்தான். சூழலுக்கு இசைந்த பொருள் வடிவமைப்பு பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒழுங்குமுறை 2024 ஜூலை 18 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டது; டிஜிட்டல் பாஸ்போர்ட் அதன் ஒரு பகுதி. ஆனால் எந்தப் பொருளுக்கு எந்தெந்தத் தகவல் தேவை என்பதைத் தனித்தனித் துணைச் சட்டங்களே வரையறுக்கும். 2025 ஏப்ரலில் வெளியான பணித் திட்டம் ஆடைகளுக்கான துணைச் சட்டத்துக்கு 2027ஐக் குறித்திருக்கிறது. அது வந்த பிறகும் பொதுவாகப் பதினெட்டு மாதமாவது அவகாசம் உண்டு. மின்வாகன பேட்டரிகளுக்கோ 2027 பிப்ரவரி 18 முதலே பாஸ்போர்ட் கட்டாயம். ஆகவே உங்கள் பையர் சட்டத்தை முந்திக்கொண்டு ஒத்திகை பார்க்கிறார் என்பதே என் கணிப்பு. இப்போதே மென்பொருள் வாங்காதீர்கள். ஆடைக்கான தகவல் பட்டியல் இன்னும் இறுதியாகவில்லை.

சாயக்கூடம்:
பதினோரு ஆண்டுகள் சாயப்பட்டறை லேபில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் சங்கிலி அறுவது எங்கள் வாசலில்தான். நிட்டிங்கிலிருந்து வரும் ஒவ்வொரு ரோலிலும் நூல் லாட் (ஒரே தொகுதியாக வந்த நூலின் அடையாள எண்), டயா (பின்னும் இயந்திரத்தின் விட்டம்), எடை எழுதிய காகிதச் சீட்டு ஒட்டியிருக்கும். இயந்திரத்தில் ஏற்றுவதற்காக ரோல்களைப் பிரித்து முனையோடு முனை தைக்கும்போது அந்தச் சீட்டு கிழிந்து தரையில் விழுகிறது. மாலையில் பெருக்கித் தள்ளிவிடுவார்கள். அதன்பின் அந்தத் துணிக்கு மிஞ்சும் ஒரே அடையாளம் எங்கள் சாய லாட் எண். நூல் லாட்டுகள் இரண்டு ஒரே இயந்திரத்தில் ஏறியிருந்தால் அதைச் சொல்லும் காகிதம் உலகத்திலேயே கிடையாது.

இதற்குத் தீர்வு எளியது. எந்தெந்த ரோல் எண்கள், எத்தனை கிலோ ஏறின என்று பேட்ச் கார்டிலேயே (ஒரே தடவையில் சாயமேறும் துணிக்கான அட்டை) எழுதித் தரும்படி பட்டறையிடம் கேளுங்கள். ஜிஎஸ்டி விதிப்படி ஜாப் ஒர்க்குக்குச் சலான் எப்படியும் போட்டாக வேண்டும். அதிலேயே 'வந்த லாட், போன லாட்' என இரண்டு கட்டங்களைச் சேர்த்துக்கொண்டால் பாஸ்போர்ட்டின் முதுகெலும்பு கிடைத்துவிடும்.

தண்ணீர்க் கணக்கையும் பையர் கேட்பார். நொய்யல் மாசு வழக்கில் 2011இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன நாளிலிருந்து, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் கழிவுநீரை மீட்டர் வைத்து அளப்பது இங்கே பழகிப்போன ஒன்று. ஆனால் அந்த அளவு பட்டறைக்கு உரியது, உங்கள் லாட்டுக்கு உரியதல்ல. மாத மொத்தத்தைச் சாயமேற்றிய கிலோவால் வகுத்து, சராசரி என்று குறிப்பிட்டே கொடுங்கள்.

தணிக்கைக்_கண்:
மேலே சொன்னவற்றில் எடை என்ற சொல்லை அடிக்கோடிடுகிறேன். 2020இல் இந்தியாவில் சுமார் 20,000 டன் பருத்தி ஆர்கானிக் என்ற பெயரில் போலி ஆவணங்களோடு நகர்ந்ததை, ஆர்கானிக் ஜவுளிக்கான தரநிலையை வகுக்கும் ஜி.ஓ.டி.எஸ். அமைப்பே கண்டுபிடித்து அறிவித்தது. அந்தப் போலி ஆவணங்களை க்யூஆர் குறியீட்டில் ஏற்றியிருந்தால் பொய் இன்னும் வேகமாகப் பயணித்திருக்கும், அவ்வளவுதான். பதிவில் பிற்பாடு கைவைக்க முடியாதபடி பிளாக்செயின் காக்கும். முதலில் தட்டச்சு செய்தவர் உண்மையைத்தான் எழுதினாரா என்பதை அது அறியாது. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளே போன எடை, வெளியே வந்த எடை, சேதாரம் மூன்றும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். தணிக்கைக்குப் போகும் இடத்தில் நான் முதலில் கேட்பதும் அதைத்தான்.

பனியன்_கணக்கு:
மூவருக்கும் நன்றி. முடிந்துபோன ஆர்டர் ஒன்றை எடுத்துச் சலான்களை மேசையில் பரப்பிப் பார்த்தேன். சாயத்துக்கு 412 கிலோ கிரே துணி (சாயமேற்றாத துணி) போய் 379 கிலோ திரும்பியிருக்கிறது. எட்டு சதவீதச் சேதாரம், அதில் குறையில்லை. ஓட்டை வேறிடத்தில் இருந்தது. கழுத்துப் பட்டைக்கான ரிப் துணி (இழுத்தால் நீளும் பின்னல்) போதாமல், இங்கே காதர்பேட்டைச் சந்தையில் ரெடி ஸ்டாக்காக 14 கிலோ வாங்கியிருக்கிறோம். அதன் நூல் எந்த மில் என்பது விற்றவருக்கே தெரியாது. அடுத்த ஆர்டரில் ரிப்பையும் அதே நூலில் பின்னித் தரச் சொன்னால், நிட்டிங்காரர் ஐம்பது கிலோவுக்குக் குறைந்து மெஷினை ஓட்ட முடியாது என்கிறார். மிஞ்சுகிற ரிப்பை அடுத்தடுத்த ஸ்டைலுக்குப் பயன்படுத்தினால், பழைய லாட் எண்ணையே தொடரலாமா, புதிய எண் போட வேண்டுமா?

சாயக்கூடம்:
பழைய எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை வெட்டும்போதும் எடுத்த எடையை அந்த லாட்டுக்கென ஓர் அட்டை வைத்து அதிலேயே கழித்து எழுதி வாருங்கள்.