நள்ளிரவு அழைப்புகளை அன்றைக்கே கண்டுபிடிக்க வழி வேண்டும்

வணக்கம். எங்கள் அலுவலக டெலிபோன் சிஸ்டம் ஆஸ்டரிஸ்க் 18, மொத்தம் 240 எக்ஸ்டென்ஷன். அழைப்புப் பதிவுகள் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் சேர்கின்றன. அதில் வழக்கத்துக்கு மாறாகப் பேசும் எண்களைப் பிரித்தெடுக்க மூன்று வாரமாக முயல்கிறேன், முடியவில்லை.

யாரும் உட்காராத ஓர் அறையின் 417 எண்ணிலிருந்து, அதிகாலை 2.10 முதல் 3.40 வரை 63 வெளிநாட்டு அழைப்புகள் போயிருக்கின்றன. ஒவ்வொன்றும் 40 நொடிக்குள். பில் வந்த பிறகுதான் தெரிந்தது. பாஸ்வேர்டை மாற்றினேன், ஃபெயில்2பேன் (தவறான பாஸ்வேர்டோடு திரும்பத் திரும்ப முயல்பவரைத் தடுக்கும் மென்பொருள்) போட்டேன், இரவில் வெளிநாட்டு அழைப்பை மூடினேன். சரி, அந்த ஓட்டை அடைபட்டது. ஆனால் வேறு ஓட்டை வழியாக வந்தால் அன்றைக்கே தெரிய வேண்டும்.

முதலில் ஒவ்வொரு எண்ணுக்கும் பதிவிலுள்ள டியூரேஷனை, அதாவது அழைப்பின் மொத்த நேரத்தைக் கூட்டினேன். அதில் மணி அடிக்கும் நேரமும் சேர்வதால் பில்செக்குக்கு (எடுத்த பிறகு பேசிய நேரம் மட்டும்) மாறினேன். சராசரியோடு மூன்று திட்டவிலக்கம் கூட்டி வரம்பு வைத்தால், தினமும் விற்பனைப் பிரிவுதான் மாட்டுகிறது. பேசுவதுதானே அவர்கள் வேலை. 417 தப்பிவிடுகிறது, அந்த ராத்திரி பேசிய நேரம் மொத்தமே 35 நிமிடம்தான்.

அப்புறம் ஒவ்வொரு எண்ணையும் அதன் பழைய பழக்கத்தோடு மணிவாரியாக ஒப்பிட்டேன், சராசரிக்குப் பதில் இடைநிலையை வைத்து. இரவில் பெரும்பாலான எண்களுக்கு இடைநிலையும் பூஜ்யம், விலகலும் பூஜ்யம். காவலாளி வீட்டுக்கு ஒருமுறை பேசினாலே அலாரம் அடிக்கிறது.

பெரும்பாலும் பூஜ்யமாகவே கிடக்கும் இந்த மாதிரி எண்களுக்கு எச்சரிக்கை வரம்பை எதை வைத்துக் கணக்கிடுகிறீர்கள்?