மறு: ‘கிளட்ச்’ – ஆளுக்கு வைக்கும் பெயரா, செயலுக்கு வைக்கும் பெயரா?

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

‘கிளட்ச்’ என்ற பேஸ்பால் சொல்லுக்கு நம் அகராதியில் தமிழில் என்ன வைப்பது என்று நான்கு நாளாக ஓடும் இந்த இழையை நேற்று இரவுதான் உட்கார்ந்து படித்தேன். பாதி மடல்களில் கலைச்சொல்லே இல்லை. பாஸ்டன் ரெட் சாக்ஸின் டேவிட் ஆர்ட்டிஸ் பெரியவரா, நியூயார்க் யாங்கீஸின் டெரெக் ஜீட்டர் பெரியவரா என்ற சண்டைதான். குறையாகச் சொல்லவில்லை. நாம் தேடும் சொல் அந்தச் சண்டைக்குள்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

பேஸ்பால் பார்க்காதவர்களுக்கு மட்டும் ஒரு வரி. ஆட்டம் கைநழுவப் போகிற நேரத்தில் ஒருவர் வந்து காப்பாற்றினால் அமெரிக்காவில் அவரைக் ‘கிளட்ச்’ என்பார்கள். அவர் அடித்த அடியும் ‘கிளட்ச்’, அந்த நேரமும் ‘கிளட்ச்’. அதையே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். எழுதலாம். ஆனால் ‘ஆர்ட்டிஸ் ஒரு கிளட்ச்’ என்று எழுதினால் ஊரில் என் அப்பாவுக்கு ஒயர் அறுந்த ஸ்கூட்டர்தான் ஞாபகம் வரும்.

இனி, வந்த பரிந்துரைகளுக்கு.

> நெருக்கடி ஆட்டக்காரர்

இது நெருக்கடியைத் தீர்ப்பவரா, கொடுப்பவரா? ரெட் சாக்ஸ் ரசிகனாக இருபது வருடம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டாவது வகை ஆட்டக்காரர்கள்தான் எங்களிடம் அதிகம். போதாக்குறைக்கு, என் வயதுக்காரர்களுக்கு ‘நெருக்கடி’ என்றாலே 1975 வந்துவிடும்.

> ஆபத்பாந்தவன்

அக்கா, சிரித்துவிட்டேன். பொருள் அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் கோயில் வாசலில் நிற்பதுபோல இருக்கிறது. ‘ன்’ விகுதியை வைத்துக்கொண்டு பெண்கள் ஆடும் சாஃப்ட்பாலுக்கு என்ன செய்வது என்ற கேள்வியும் இருக்கிறது.

> இக்கட்டு + அடி = இக்கட்டடி. சுருக்கம். இன்றே பூட்டிவிடலாம்.

தம்பி, சுருக்கம்தான். நாலு தடவை வேகமாகச் சொல்லிப் பார், நாக்கு சுளுக்கிக்கொள்ளும். சரி, அதை விடு. டேவ் ராபர்ட்ஸை எங்கே வைப்பாய்?

2004 அக்டோபர், அமெரிக்க லீக் இறுதித் தொடர். முதலில் நான்கு ஆட்டம் வெல்பவருக்கே தொடர். யாங்கீஸ் 3–0 என்று முன்னிலை. மூன்றாவது ஆட்டத்தில் எங்களுக்கு விழுந்த அடி 19–8. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதுவதாக இல்லை. நான்காவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரு ரன் பின்தங்கி இருக்கிறோம். பந்து வீசுபவர் மரியானோ ரிவேரா. எங்கள் கெவின் மில்லார் ‘வாக்’ வாங்கி, அதாவது நான்கு தவறான பந்துகள் வந்ததால் அடிக்காமலே, முதல் பேஸுக்குப் போகிறார். அவருக்குப் பதிலாக ஓடுவதற்கு ராபர்ட்ஸ் வருகிறார். அவர் இரண்டாவது பேஸைத் திருடப் போகிறார், அதாவது பந்து அடிபடக் காத்திராமல் ஓடிப் பிடிக்கப் போகிறார் என்பது மைதானத்தில் கடலை விற்பவருக்குக்கூடத் தெரியும். ரிவேரா மூன்று முறை முதல் பேஸுக்குப் பந்தை எறிந்து மிரட்டிப் பார்க்கிறார். பிறகு பேட்டருக்கு வீசிய முதல் பந்திலேயே ராபர்ட்ஸ் ஓடுகிறார். தலை முன்னால் போகச் சறுக்கி விழுகிறார். ஜீட்டரின் கையுறை அவர்மேல் படுவதற்கு ஒரு நூல் முன்னால் அவருடைய கை பேஸைத் தொட்டுவிட்டது. அடுத்து பில் மில்லர் அடித்ததில் ஆட்டம் சமன். 12-ஆவது இன்னிங்ஸில் ஆர்ட்டிஸின் ஹோம் ரன்னில் வெற்றி. அதோடு சேர்த்து நான்கு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று, கடைசியில் உலகத் தொடர் கோப்பை இல்லாத 86 வருடப் பஞ்சமும் தீர்ந்தது.

அந்தத் தொடர் முழுக்க ராபர்ட்ஸ் ஒரு தடவைகூட மட்டை பிடிக்கவில்லை. ஆனால் ‘கிளட்ச்’ என்ற சொல்லுக்கு அதைவிடப் பெரிய சான்றை பாஸ்டனில் எவரும் காட்டமாட்டார்கள். ஆகவே சொல்லுக்குள் ‘அடி’ வரக்கூடாது. ஓட்டம், பிடி, எறி, திருட்டு எல்லாவற்றோடும் ஒட்ட வேண்டும்.

என் பரிந்துரை புதிதாக உருவாக்கியது அல்ல, வீட்டில் தினமும் புழங்குவதுதான்: கைகொடுத்தல். ‘கடைசி நேரத்தில் மச்சான்தான் கைகொடுத்தார்’ என்கிறோமே, அது. கைகொடுத்த அடி, கைகொடுத்த பிடி, கைகொடுத்த ஓட்டம். வினையாக இருப்பதால் எந்தக் காலத்திலும் வரும், எதிர்மறையிலும் வரும். ‘இந்த வருடம் ஒருவரும் கைகொடுக்கவில்லை’ என்பதை எந்த ரசிகரும் விளக்கம் கேட்காமல் புரிந்துகொள்வார். ஆங்கிலச் சொல்லுக்கும் இறுகப் பற்றுவது என்றொரு பொருள் உண்டு என்பதால் இரண்டிலும் கை இருக்கிறது. அது தற்செயல்தான், அதை வைத்து நான் வாதாடவில்லை.

கைகுலுக்குவதோடு குழம்பாதா என்று நம் இலக்கண ஐயா கேட்பார். ‘கை கொடுங்க!’ என்று பாராட்டுவதும் உண்டுதான். ஆனால் ‘ஒன்பதாவது இன்னிங்ஸில் கைகொடுத்தார்’ என்று படித்துவிட்டு, யாரோடு கைகுலுக்கினார் என்று தேடுபவர் இருக்கமாட்டார்.

சரி, இனிதான் என் முக்கியமான ஆட்சேபம். இதிலிருந்து ‘கைகொடுப்பாளர்’ என்று ஒரு பெயர்ச்சொல்லை உண்டாக்க வேண்டாம் என்கிறேன். நான் ஆர்ட்டிஸ் கட்சி என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் சொல்கிறேன்.

தம்பியும் அக்காவும் மாறி மாறி அடித்துக்கொண்ட எண்களையே எடுத்துக்கொள்வோம். ஜீட்டருக்கு ‘கேப்டன் கிளட்ச்’ என்றே பட்டப்பெயர். வழக்கமான சீசன்களில் அவருடைய வாழ்நாள் சராசரி, அதாவது மட்டை பிடித்த முறைகளில் ஹிட் (பேஸுக்குக் கொண்டுசேர்த்த அடி) ஆன பங்கு, 0.310. சீசன் முடிந்து அக்டோபரில் நடக்கும் கோப்பைச் சுற்றான பிளேஆஃபில் 158 ஆட்டங்கள் ஆடினார், அங்கே 0.308. ஆர்ட்டிஸுக்கு முதலாவது 0.286, இரண்டாவது 0.289. இருவருமே அக்டோபரில் வேறு ஆளாக மாறவில்லை, ஏப்ரலில் இருந்த அதே ஆள்தான். ‘பிளேஆஃபில் பந்து வீசுபவர்கள் எல்லாருமே தேர்ந்தவர்கள், அங்கே குறையாமல் இருப்பதே சாதனை’ என்று அக்கா எழுதியிருந்தார். நியாயம்தான். ஆனால் அந்தக் குணத்துக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: பதறாமை. இன்னொரு சொல் தேவையில்லை.

கிரிக்கெட்டில் ‘ஃபினிஷர்’ என்கிறோமே, அது மாதிரி ஒருவரைச் சொல்லக்கூடாதா என்பது இன்னொருவர் கேள்வி. கிரிக்கெட்டில் சேஸிங்கின்போது யாரை எப்போது இறக்குவது என்று கேப்டன் முடிவு செய்யலாம். இறங்கியவரும் கடைசிவரை நின்று முடிக்கலாம். பேஸ்பாலில் ஒன்பது பேருக்கும் வரிசை முன்பே எழுதியாகிவிட்டது. இக்கட்டு யாருடைய முறையில் வந்து விழும் என்பது பாதி அதிர்ஷ்டம்.

2013-ஐப் பாருங்கள். மறுபடியும் அமெரிக்க லீக் இறுதித் தொடர், டெட்ராய்ட் டைகர்ஸோடு இரண்டாவது ஆட்டம், எங்கள் மைதானமான ஃபென்வே பார்க். டெட்ராய்டின் மேக்ஸ் ஷெர்சர் ஏழு இன்னிங்ஸில் 13 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்துவிட்டுப் போயிருந்தார். ஸ்கோர் 5–1, முன்னிலை அவர்களுக்கு. நான் டிவியை அணைக்காமல் ஒலியை மட்டும் குறைத்துவிட்டு, சமையலறையில் மறுநாளைக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். எட்டாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள். ஆர்ட்டிஸ் வருகிறார். ஹ்வாகீன் பென்வா வீசிய முதல் பந்து, வலப்பக்கச் சுவரைத் தாண்டி ரெட் சாக்ஸ் புல்பென்னுக்குள் (பந்து வீசுபவர்கள் பயிற்சி எடுக்கும் இடம்) போய் விழுந்தது. கிரைண்டர் சத்தத்தையும் மீறி மாடி வீட்டு ஆள் கத்தினது கேட்டு ஓடிவந்தேன். திரையில் பந்து இல்லை. அதைப் பிடிக்கப் பாய்ந்த டெட்ராய்டின் டோரி ஹன்டர் சுவருக்கு அந்தப் பக்கம் குப்புற விழுந்து, அவருடைய இரண்டு கால் மட்டும் ஆகாயத்தைப் பார்த்து நின்றது. பக்கத்திலேயே ஒரு போலீஸ்காரர், அதே கோணத்தில் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு! நான்கு ரன். ஆட்டம் சமன். ஒன்பதாவதில் எங்கள் சால்டலமாக்கியா முடித்து வைத்தார்.

அந்த அடி கைகொடுத்ததா? கொடுத்தது, சந்தேகமே இல்லை. ஆனால் அதே தொடரில் ஆர்ட்டிஸ் மொத்தம் 22 முறை மட்டை பிடித்து இரண்டே ஹிட் எடுத்தார், அதில் ஒன்றுதான் இது. சராசரி 0.091. அடுத்து வந்த உலகத் தொடரில் 16-க்கு 11; சராசரி 0.688. இரண்டு தொடருக்கும் நடுவில் ஒரு வாரம்கூட இல்லை, ஆளும் அதே ஆள். ‘கைகொடுப்பாளர்’ என்று முத்திரை குத்தினால் இந்த இரண்டு எண்ணில் எது அந்தச் சொல்லுக்குள் அடங்கும்?

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. டிக் கிரேமர் என்பவர் 1977-லேயே இதைக் கணக்குப் போட்டார். 1969-இல் இக்கட்டில் ஜொலித்தவர்கள் 1970-லும் ஜொலித்தார்களா என்று பார்த்தார். தொடர்பு தென்படவில்லை. புள்ளிவிவர ரசிகர்கள் வெகுகாலம் அதையே வேதமாகப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு பேஸ்பால் புள்ளிவிவர எழுத்தாளர் பில் ஜேம்ஸ், கருவி மங்கலாக இருந்தால் பொருள் தெரியாது, அதனால் பொருளே இல்லை என்று ஆகிவிடுமா என்று கேட்டு, தன் பழைய கருத்தையே தளர்த்திக்கொண்டார். அப்போது அவர் ரெட் சாக்ஸில் ஆலோசகர். அதே ரெட் சாக்ஸ்தான் 2005-இல், அணியின் வரலாற்றிலேயே தலைசிறந்த கிளட்ச் பேட்டர் என்று பொறித்து ஆர்ட்டிஸுக்குப் பட்டயம் கொடுத்தது. ஒரே கூரைக்கு அடியில் இரண்டும்!

அப்படி ஒரு திறமை உண்டா இல்லையா என்பது இன்னும் முடியாத வழக்கு. அதில் நம் அகராதி தீர்ப்புச் சொல்லிவிடக்கூடாது. வினைச்சொல் தீர்ப்புச் சொல்லாது, நடந்ததை மட்டும் சொல்லும்.

எதிர்ச்சொல்லில் இது இன்னும் முக்கியம். இக்கட்டில் சொதப்புவதைச் சொல்லும் ‘சோக்’ என்பதற்குக் கைவிரித்தல் என்று ஒருவர் எழுதியிருந்தார். கைகொடுத்தல்–கைவிரித்தல், இணை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கைவிரிப்பவர் தெரிந்தே விரிக்கிறார். உதவ மாட்டேன் என்கிறார். இவர்களோ உயிரைக் கொடுத்து முயன்று தோற்றவர்கள். ‘கோட்டைவிடுதல்’தான் சரி. இங்கேயும் வினை மட்டும், ‘கோட்டைவிடுபவர்’ வேண்டாம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், எங்கள் பழைய ஆட்டக்காரர் பில் பக்னர். 22 சீசன், 2,715 ஹிட், 1980-இல் நேஷனல் லீக்கின் சராசரிப் பட்டம். 1986 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் நியூயார்க் மெட்ஸின் மூக்கி வில்சன் தட்டிய பந்து அவர் காலுக்கு நடுவே உருண்டு போனது. அதன்பிறகு அவர் அந்த ஒற்றைப் பந்தாகவே ஆகிப்போனார். பந்து உருளும் முன்பே ஆட்டம் 5–5 என்று சமனாகிவிட்டது என்பதை எத்தனை பேர் சொல்கிறார்கள்? இரண்டு அவுட்டுக்குப் பிறகு மூன்று பேர் வரிசையாக அடித்ததும், ஒரு காட்டுத்தனமான வீச்சில் சமன் ரன் வந்ததும் அதற்கு முன்னால் நடந்தவை. ஏழாவது ஆட்டம் ஒன்று பாக்கி இருந்தது, அதிலும் 3–0 முன்னிலை எடுத்து 8–5 என்று தோற்றார்கள். கோட்டைவிட்டது ஓர் அணி, முத்திரை விழுந்தது ஒருவர்மேல். 2008 ஏப்ரலில் ஃபென்வேயில் முதல் பந்து வீச அவரை அழைத்தார்கள். எழுந்து நின்று கைதட்டிய கூட்டத்துக்கு முன்னால் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

யாங்கீஸ் பக்கத்திலும் கதை இருக்கிறது, அக்காவுக்குத் தெரியும். அலெக்ஸ் ரோட்ரிகஸ் 2006 பிளேஆஃபில் 14-க்கு 1 அடித்தார். ஒரு ஆட்டத்தில் அவரைப் பேட்டிங் வரிசையில் எட்டாவது இடத்துக்கு இறக்கினார்கள். அக்டோபரில் உதவாதவர் என்று நியூயார்க்கே சொன்னது. 2009-இல் அவரே 0.365 சராசரி, 6 ஹோம் ரன் எடுத்துக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். (இதை எழுத எனக்கு வலிக்கிறது என்பதைப் பதிவு செய்யவும்.)

ஆகவே அகராதிக்கு நான் முன்வைப்பது இவ்வளவுதான். நேரத்துக்கு ‘இக்கட்டு’ இருக்கட்டும். அந்தச் சொல்லைக் கொண்டுவந்த தம்பிக்கு நன்றி. செயலுக்குக் ‘கைகொடுத்தல்’, தவறவிட்டால் ‘கோட்டைவிடுதல்’. ஆளைச் சொல்லியே தீரவேண்டிய இடத்தில் ‘இக்கட்டில் கைகொடுத்தவர்’ என்று இறந்த காலத்தில் எழுதலாம். அதில் அடுத்த ஆட்டத்துக்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. ஒரு தருணம் ஆட்டத்தின் முடிவை எவ்வளவு மாற்றக்கூடும் என்று அளக்கும் டாம் டாங்கோவின் லெவரேஜ் இண்டெக்ஸை ‘இக்கட்டு எண்’ என்று சொல்லிவிடலாம். சராசரிச் சூழலுக்கு 1. சூழல் இறுக இறுக எண் ஏறும்.

ஐயா, ‘இக்கட்டு எண்’ என்பதில் வல்லினம் மிகவில்லை, நிம்மதி. ‘கைகொடுத்தல்’ சேர்த்து எழுதுவதா, பிரித்தா? நான் சேர்த்தே எழுதிவிட்டேன், திருத்துங்கள்.

அப்புறம், ஆட்டத்தை அந்த இடத்திலேயே முடித்துவைக்கும் அடியைச் சொல்லும் ‘வாக்-ஆஃப்’ இன்னும் தொடப்படவில்லை. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இதிலேயே வேண்டாம். ‘நடைமுடிவு’ என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள்.

அன்புடன்,
மாசசூசெட்ஸிலிருந்து