ஆப்பரேஷனுக்குப் பிறகு இரண்டு முயலும் சண்டை போடுகின்றன, மறுபடி சேர்த்து வைக்க முடியுமா?

சிப்புட் பொண்ணு

வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், லயத்து வீட்டில் இருக்கிறோம். வீட்டில் இரண்டு முயல்கள். கருப்பாயி பெட்டை, பஞ்சு ஆண். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கும்போது இரண்டுமே பெட்டை என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். வளர்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. குட்டி மேல் குட்டி போட்டால் யார் பார்ப்பது என்று போன வாரம் ஈப்போவுக்குக் கொண்டுபோய் இரண்டுக்கும் ஒரே நாளில் கருத்தடை ஆப்பரேஷன் செய்தோம்.

வீடு வந்து சேர்ந்த அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. முன்பெல்லாம் ஒன்றின் முதுகில் ஒன்று தலை வைத்துத் தூங்கும். இப்போது பஞ்சு பக்கத்தில் வந்தாலே கருப்பாயி காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு பாய்கிறாள். நேற்று ராத்திரி கூண்டு முழுக்க முடி. பஞ்சுவின் தோளில் ஒரு கொத்து பிய்ந்து தோல் தெரிகிறது. இப்போதைக்கு அவனைக் குளியலறையில் தனியாக விட்டிருக்கிறேன்.

அப்பா, "ஒரே கூண்டில் போடும்மா, நாலு நாளில் தானா சரியாகிடும்" என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. தையலை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கிளினிக்கில் சொன்னார்கள், இதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இவர்களைச் சேர்த்து வைக்க முடியுமா, இல்லை கடைசி வரைக்கும் தனித்தனிக் கூண்டுதானா?

தாப்பா அக்கா

சேர்த்து வைக்கலாம் தங்கச்சி. ஆனால் இப்போது வேண்டாம். அப்பாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். ஒரே கூண்டில் அடைத்தால் ஓடி ஒளிய இடம் இருக்காது. காதையோ கண்ணையோ கிழித்துக்கொள்ளும் வரைக்கும் போகும்.

முயல் தன் ஜோடியை வாசனையால்தான் அதிகம் அடையாளம் காணும். இருவரும் கிளினிக்கில் இருந்து மருந்து வாடையும் நாய் பூனை வாடையுமாகத் திரும்பி வந்திருக்கிறார்கள். கருப்பாயியின் மூக்குக்கு இப்போது பஞ்சு யாரோ அந்நியன். போதாக்குறைக்கு அவளுக்கு வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். அந்த வலியில் யார் கிட்டே வந்தாலும் கோபம்தான் வரும்.

அப்புறம் ஹார்மோன். உறுப்பை எடுத்த மறுநாளே அது உடம்பை விட்டுப் போய்விடாது. அடங்குவதற்கு 4 முதல் 6 வாரம் ஆகும். ஆணுக்கு அந்த 6 வாரம் வரைக்கும்கூட விந்து மிச்சம் இருக்கலாம். கருப்பாயிக்கும் ஆப்பரேஷன் ஆகிவிட்டதால் குட்டி பயம் இல்லை. ஆனால் அவன் மேலே ஏறினால் அவளுடைய தையல் பிரிந்துவிடும். அதனால்தான் பொறுக்கச் சொல்கிறேன்.

இந்த வாரங்களில் செய்ய வேண்டியது இது. இரண்டு கூண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், ஒட்டி வைக்க வேண்டாம். நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும், இல்லாவிட்டால் கம்பி வழியாகவே மூக்கைக் கடித்துவிடுவார்கள். காயம் ஆறிய பிறகு, இவன் படுத்த துணியை அவளுக்கும் அவள் படுத்ததை இவனுக்கும் மாற்றிப் போடுங்கள். மூத்திரத் தட்டையும் மாற்றலாம். கொத்தமல்லித் தழையை ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் கம்பி ஓரமாக வையுங்கள். ஒருவரைப் பார்த்துக்கொண்டே இன்னொருவர் நிம்மதியாகத் தின்று, அந்த ஓரத்திலேயே காலை நீட்டிப் படுத்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

அடுத்த கட்டம், இருவருக்கும் சொந்தமில்லாத இடம். குளியலறை ஆகாது, அது இப்போது பஞ்சுவின் இடமாகிவிட்டது. பக்கத்து வீட்டுக் கூடம் கிடைத்தால் நல்லது. வழுக்காமல் இருக்கப் பாய் விரியுங்கள். ஆரம்பத்தில் பத்து நிமிடம் போதும், அதிலும் விடியற்காலையில் அல்லது பொழுது சாய்ந்த பிறகு. தகரக் கூரைக்குக் கீழே மத்தியான வெக்கையில் முயலுக்கு உயிரே போய்விடும். கையில் தடித்த உறை போட்டுக்கொண்டு, பக்கத்தில் ஒரு குப்பை முறம் வைத்திருங்கள். சண்டை மூண்டால் முறத்தை நடுவில் விட வேண்டும், வெறும் கையை விடக் கூடாது.

பஞ்சுவின் தோளை இன்றைக்கே முடியை விலக்கிப் பாருங்கள். முயல் கடித்த காயம் வெளியே சின்னதாகத் தெரியும், உள்ளே சீழ் கெட்டியாகக் கட்டிக்கொள்ளும். நம் ஊர் வெயிலுக்கு ஈ மொய்த்துப் புழு வைக்கவும் அதிக நேரம் ஆகாது. வீங்கினால் உடனே டாக்டரிடம் போங்கள். இருவரில் யாராவது அரை நாள் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தாலும் காத்திருக்காதீர்கள்.

ஈப்போ தம்பி

என் கூட்டாளி வீட்டில் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் காடியில் (காரில்) ஒரு சுற்று சுற்றி வந்தார்கள். பயத்தில் ஒட்டிக்கொண்டன. நீங்களும் செய்து பார்க்கலாமே?

தாப்பா அக்கா

வேண்டாம் தம்பி. பயந்துபோய் ஒட்டுவது சிநேகம் ஆகாது, காடி நின்றதும் பழைய கதைதான். தையல் போட்ட பெட்டையைக் குலுக்கவே கூடாது. பயத்தில் முயலுக்குக் குடலும் நின்றுவிடும்.

கூலிம்காரன்

தங்கச்சி, ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். தோட்டத்துப் புல்லை அறுத்துப் போடுகிறீர்களா? பாராகுவாட்டை 2020 ஜனவரியில் மலேசியாவில் தடை செய்தாலும், செம்பனைக்குக் கீழே வேறு களைக்கொல்லி அடிக்கத்தான் செய்கிறார்கள். எங்கே எப்போது அடித்தார்கள் என்று மண்டோரிடம் (தோட்டத்து மேஸ்திரியிடம்) கேட்காமல் புல் எடுக்காதீர்கள்.

சிப்புட் பொண்ணு

எல்லாருக்கும் நன்றி. புல் வீட்டுப் பின்னால் நாங்களே வளர்ப்பதுதான் அண்ணே. அப்பாவிடம் படித்துக் காட்டினேன், பழைய கம்பிவலையை எடுத்து இன்னொரு கூண்டு அடிக்க ஆரம்பித்துவிட்டார். பஞ்சு தோளில் வீக்கம் இல்லை. அக்கா, இன்னும் ஒரு சந்தேகம். பிறகு சேர்த்து விடும்போதும் அவன் மேலே ஏறப் பார்த்தால் உடனே பிரிக்க வேண்டுமா?

தாப்பா அக்கா

காயம் முழுக்க ஆறிய பிறகு என்றால் உடனே பிரிக்க வேண்டாம். யார் பெரியவர் என்று தீர்த்துக்கொள்ள ஆண், பெட்டை இரண்டுமே ஏறும், கருப்பாயிகூட ஏறுவாள். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு மெதுவாக இறக்கி விடுங்கள். தலைப்பக்கமாக ஏறினால் மட்டும் அந்தக் கணமே இறக்குங்கள், கீழே இருப்பவர் அடிவயிற்றில் கடித்துவிடுவார். காது பின்னால் ஒட்டி வால் நிமிர்ந்தாலும், ஒருவரை ஒருவர் வட்டமாகத் துரத்த ஆரம்பித்தாலும் அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒருவர் தலையை ஒருவர் நக்கிவிடுகிற நாள் வரும் வரை, உங்கள் கண் பார்வை இல்லாமல் சேர்த்து விடாதீர்கள்.