அணைத்த பிறகும் மங்கலாக எரியும் எல்இடி பல்பு: காரணம் என்ன?

மாடிப்படி விளக்குக்கு டூ-வே சுவிட்ச் (மேலிருந்தும் கீழிருந்தும் போட்டு அணைக்கும் வகை) போட்டதிலிருந்து, 9 வாட் எல்இடி பல்பு அணைத்த பிறகும் இரவு முழுக்க மங்கலாக எரிகிறது. ஊர் திருநெல்வேலி, சிங்கிள் பேஸ் இணைப்பு.

வேறு கம்பெனி பல்பு போட்டும் அதே கதைதான். சுவிட்ச் வழியாகப் போவது பேஸ்தான், நியூட்ரல் இல்லை என்று எலெக்ட்ரீசியன் பார்த்துவிட்டார். சுவிட்சில் இண்டிகேட்டர் என்ற குட்டி விளக்கும் கிடையாது. அப்புறம், பல்பைக் கழற்றி ஹோல்டரில் மல்டிமீட்டர் வைத்தால் 70 வோல்ட் பக்கம் காட்டுகிறது. பழைய 60 வாட் குண்டு பல்பு மாட்டினால் அந்த வோல்டேஜ் பூஜ்யமாகிவிடுகிறது. இழை துளிகூடச் சிவக்கவில்லை. இதுதான் எனக்குப் பிடிபடாத இடம். வயர்கள் எல்லாம் மேலிருந்து கீழ்வரை ஒரே பைப்பில் ஓடுகின்றன.

எட்டாவது படிக்கும் மகள், "சுற்று திறந்திருந்தால் மின்னோட்டம் பாயாதே அப்பா" என்று விடாமல் கேட்கிறாள். அவளுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும். சுவிட்ச் அணைந்திருக்கும்போது இந்த 70 வோல்ட் எங்கிருந்து வருகிறது?