எங்கட மட்டக்களப்பு, அம்பாறைக்கு ஒரு பறவை சொல்லுங்க

வாவிக்கரை:
வணக்கம். மகள் தரம் 8 படிக்கிறா, சொந்த ஊருக்கு ஒரு சின்னம் தெரிஞ்செடுத்து கீறச் சொல்லி ஒப்படை குடுத்திருக்காங்க. நாட்டுக்குக் காட்டுக்கோழி, அந்த இனம் இலங்கைய விட்டா வேற எங்கயும் இல்ல. தமிழ்நாட்டுக்கு மரகதப்புறா, வரையாடு. மட்டக்களப்பு எண்டா வாவியில பாடுற மீன்தான் எண்டு நான் சொல்ல, "நம்மட ஊருக்குப் பறவையே இல்லையா அப்பா" எண்டு கேக்குறா. மயில் எண்டு போடவா?

கல்லடிப் பாலத்தடி:
மயில் வேணாம் தம்பி. முருகன்ட வாகனம், மதிப்பு இரிக்கு, ஆனா அது இந்தியாட தேசியப் பறவையாச்சே. மீன விடாதீங்க. 1848இல எமர்சன் டெனன்ட் எண்ட வெள்ளைக்கார அதிகாரி தோணியில போய் அந்தச் சத்தத்தக் கேட்டு எழுதி வச்சிருக்கார், ஒரே சத்தமில்ல, கனக்கச் சின்னச் சின்னச் சத்தம் எண்டு. அப்பயும் மீன்பிடிகாரர் அது ஊரி எண்ட நத்தை போடுற சத்தம் எண்டுதான் அவருக்குச் சொன்னாங்க. எங்கட மூத்தப்பா பறுவத்துல, அதான் முழுநிலா நாளுல, தோணிச் சவள (துடுப்ப) தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனியில காத வைக்கச் சொல்லுவார், நான் கேட்டிருக்கன், இப்பயும் மறக்கல்ல.

பொத்துவில் பொடியன்:
பறவை எண்டா குமண இரிக்கே அண்ணன்! 1938இலயே சரணாலயம், 1970இல தேசியப் பூங்கா. வில்லு எண்ட நீர்நிலைக்குள்ள கண்ணா மரத்துல கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டும், உகந்தையில இருந்து கதிர்காமத்துக்கு நடக்கிற ஆக்கள் அந்தக் காட்டுக்குள்ளாலதான் போறாங்க.

வட்டைக்காரன்:
நான் அக்கரைப்பற்றுப் பக்கம். என்ட தெரிவு நத்தைகுத்தி நாரை. உழவு மெசின் இறங்கினாப் போதும், பின்னாலயே வந்துரும், வளந்த பறவைட சொண்டு மூடினாலும் நடுவுல இடைவெளி தெரியும், அதால நத்தையப் புடிச்சு உள்ளுக்கிருக்கிற சதைய மட்டும் இழுத்தெடுக்கிறதப் பாத்துட்டு நிக்கலாம். மறுகா, குமணக்குப் போற வசதி எல்லாப் புள்ளைக்கும் இல்லையே, வட்டை, அதான் வயல்வெளி, ரெண்டு மாவட்டத்துலயும் இரிக்கு. வயலுக்கு மருந்து அடிச்சு அடிச்சு நத்தைய அழிச்சா இது எதத் தின்னும்? புள்ள அதையும் எழுதட்டும்.

வாவிக்கரை:
நானா, வாசிச்சுக் காட்டினன், நத்தைகுத்தியத்தான் கீறுவாவாம், காலுக்குக் கீழ ஒரு ஊரியும் வைக்கப் போறாவாம். நேர்ல பாத்துக் கீறணும் எண்டு நிக்கிறா. இந்த மாசம் எந்தப் பக்கத்து வட்டையில உழவு நடக்குது?

வட்டைக்காரன்:
சனிக்கிழமை விடியக் கூட்டிட்டு வாங்க, எங்கட வயல்லயே உழவுதான். செருப்பக் கரையில கழட்டிட்டு வரம்பால மெல்ல வரணும், சத்தம் போட்டாப் பறந்துரும்.