பெரியப்பா ஹெல்த் அப்டேட் – நம்ம ஃபேமிலி குரூப்

அண்ணன்: அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் வந்ததுக்கு ஸ்டென்ட் (ரத்தக்குழாய தெறந்து வைக்கிற சின்ன குழாய்) வச்சாச்சு, சிசியூல (இதய ஐசியூ) இருக்காரு, பேசுறாரு. எக்கோ (இதய ஸ்கேன்) பாத்துட்டு இதய தசை அவ்ளோ சேதாரம் ஆகலன்னாங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு நாளா விட்டு விட்டு நெஞ்சு வலிச்சுச்சுல்ல, அதுவும் ஒரு காரணமா இருக்கலாமாம்

சித்தி: முருகா நீதான் காப்பாத்துன 🙏 ஆனா புரியலயேப்பா, முன்னாடியே வலிச்சா நல்லதா?

நர்ஸ் அக்கா: நல்லதுன்னு இல்ல சித்தி. ரத்தம் கொஞ்ச நேரம் தடைபட்டு திரும்ப ஓடுனா, அந்த தசை அடுத்த அடைப்ப கொஞ்சம் கூட நேரம் தாங்கும். 1986ல அமெரிக்கா டியூக் யுனிவர்சிட்டில நாய்ங்களுக்கு இதய ரத்தக்குழாய 5 நிமிஷம் அடைச்சு 5 நிமிஷம் விட்டு இப்படி 4 தடவ செஞ்சுட்டு அப்புறம் 40 நிமிஷம் அடைச்சாங்க, சும்மா நேரா அடைச்ச நாய்ங்களுக்கு ஆனதுல கால்வாசி சேதாரம்தான் ஆச்சு

நர்ஸ் அக்கா: ஆனா 3 மணி நேரம் அடைச்சு வச்சப்ப ரெண்டுக்கும் வித்தியாசமே இல்ல. கொஞ்சம் டைம்தான் கெடைக்குது, அதுக்குள்ள அடைப்ப எடுக்கணும். பெரியப்பாவ நீ ஒடனே கூட்டிட்டு போன பாரு, அதான்டா காப்பாத்துச்சு

அத்தை: எனக்கும் நேத்துல இருந்து மாடி ஏறுனா நெஞ்சு இறுக்குது, உக்காந்தா போயிடுது. கேஸுன்னு ஓமத்தண்ணி குடிச்சேன்

நர்ஸ் அக்கா: அத்தை என்ன சொல்றீங்க?? இன்னைக்கும் வந்துச்சா

அத்தை: காலைல துணி காயப்போட போறப்ப பாதி படிலயே பக்கெட்ட வச்சுட்டு நின்னுட்டேன், தாடை வரைக்கும் இழுத்துச்சு. இப்பவும் லேசா இருக்கு. எங்க அண்ணனுக்கு (உங்க பெரியப்பாவுக்கு) மாதிரி முன்னாடியே வலிக்குதுல்ல, எனக்கும் பெருசா ஒன்னும் ஆகாதுல்லம்மா

நர்ஸ் அக்கா: அப்படி நெனைக்கவே நெனைக்காதீங்க அத்தை. சுகர் இருக்கவங்களுக்கும் வயசானவங்களுக்கும் அந்த பாதுகாப்பு சரியா கெடைக்கிறதில்ல, உங்களுக்கு 12 வருஷமா சுகர். எந்திரிக்காதீங்க, அப்படியே சாஞ்சு உக்காருங்க, கதவு மட்டும் தெறந்து இருக்கட்டும். நான் 108க்கு போன் போடுறேன். மாமா எங்க

மாமா: கீழ கடைலதான் இருக்கேன் இப்பதான் மெசேஜ் பாத்தேன், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே இவ. மேல போறேன்

சித்தி: அண்ணி போன எடுங்க

மாமா: நான் பேசுறேன், பக்கத்துலதான் இருக்கேன். வேர்த்து கொட்டுது இவளுக்கு

நர்ஸ் அக்கா: 108 கெளம்பிட்டாங்க மாமா. பழைய ஈசிஜி, சுகர் மாத்திர சீட்டு எல்லாம் எடுத்துக்கங்க. நடக்க விடாதீங்க, ஸ்ட்ரெச்சர்லயே எறக்கட்டும்

மாமா: எடுத்துட்டேன். வண்டி வந்துருச்சு