பெரிய டீச்சர் வைத்த தேதி

குழு: நம்ம வீடு
ஞாயிறு, 1 ஜூன் 2025

காலை 6:12
சிங்கப்பூர் தம்பி: பெரியப்பாவுக்கு அறுபதாவது பிறந்த நாள் வாழ்த்துகள்! 🎂🎂

6:15
மதுரை சித்தப்பா: வாழ்த்துகள் அண்ணே. நேற்றோடு ஆபீஸ் தொல்லையும் விட்டது.

6:40
பெரியப்பா: நன்றி. ஆனால் இன்றைக்கு நான் பிறக்கவில்லை. இது பெரிய டீச்சர் வைத்த தேதி.

6:41
சிங்கப்பூர் தம்பி: என்ன பெரியப்பா, இத்தனை வருஷம் கேக் வெட்டினோமே?

6:44
பெரியப்பா: வெட்டினீர்கள், தின்றேன். நான் பிறந்தது 1966 ஐப்பசி அடைமழையில். டீச்சர் போட்டது 1.6.1965. ஒன்றாம் தேதி பிறந்தவனுக்கு முந்தின மாதக் கடைசி நாளே ஓய்வு. அந்தம்மா சரியாகப் போட்டிருந்தால் இன்னும் ஒன்றரை வருஷம் சம்பளம் வாங்கியிருப்பேன்.

6:50
நான்: மாற்றச் சொல்லி மனு கொடுத்திருக்கலாமே?

6:52
பெரியப்பா: வேலையில் சேர்ந்த ஐந்து வருஷத்துக்குள் கேட்டிருக்க வேண்டும். அப்போது அறுபது வயதை யார் நினைத்தது?

6:53
பெரியம்மா: ஒரு வாரமாக இந்தப் புலம்பல்தான். காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது, யாராவது சொல்லுங்கள்.

7:20
பெரிய அத்தை: பேத்தி டைப் செய்கிறேன். ஆச்சி சொல்வது: தம்பி, டீச்சரைக் குறை சொல்லாதே. உன்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டதே நான்தான்.

7:26
பெரிய அத்தை: 1970. எனக்கு எட்டு வயது. அம்மா களை எடுக்கப் போய்விடுவாள். உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பேன். மத்தியானம் எனக்குப் போட்ட உப்புமாவில் பாதியை நீ தின்றுவிடுவாய்.

7:28
மதுரை சித்தப்பா: கோதுமை நொய் உப்புமா! அமெரிக்காவிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். பால் பவுடரும் உண்டு. மத்தியானச் சாப்பாட்டைக் காமராஜர் 1956-ல் நம்ம எட்டயபுரத்தில்தான் தொடங்கி வைத்தார், தெரியுமா தம்பிகளா?

7:29
சிங்கப்பூர் தம்பி: போன வருஷமும் சொன்னீர்கள் சித்தப்பா 😄

7:35
பெரிய அத்தை: பதிவேட்டில் பேர் இருந்தால்தான் தட்டு. ஒரு நாள் டீச்சர் இதைப் பார்த்துவிட்டு உன்னைக் கூப்பிட்டார்கள். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார்கள். தொட்டால் ஐந்து வயது. உனக்கு நாலுகூட நிறையவில்லை, எப்படி எட்டும்? டீச்சரே உன் தலையைப் பிடித்துச் சாய்த்து, விரலை இழுத்துக் காதில் வைத்து, "எட்டுது" என்று எழுதிக்கொண்டார்கள். மறுநாள் முதல் உனக்குத் தனித் தட்டு.

7:51
நான்: பெரியப்பா?

8:10
பெரியம்மா: சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கோவில்பட்டியில் மகள் வீட்டில் இருக்கிறார்களாம் டீச்சர்.

மாலை 5:30
பெரியப்பா: பார்த்தேன். எண்பதாகிறது. காது மந்தம், பேச்சு அதே அதிகாரம். பேரைச் சொன்னேன், தெரியவில்லை. அக்கா இடுப்பிலே வருவேனே என்றதும் பிடித்துக்கொண்டார்கள்.

5:31
சிங்கப்பூர் தம்பி: ஒன்றரை வருஷச் சம்பளத்தைக் கேட்டீர்களா? 😄

5:38
பெரியப்பா: நான் எங்கே கேட்க? என்னைத்தான் திட்டினார்கள். என்ன வேலை பார்த்தாய், எத்தனை பிள்ளை, ஒன்றும் கேட்கவில்லை. "உங்க அக்காவை ஏன்டா அஞ்சாவதோட நிறுத்துனீங்க? ரெண்டு தடவை உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னேனே. உங்கப்பன் அனுப்பவே மாட்டேன்னுட்டான். அவ கணக்கை நான் திருத்தவே வேண்டியதில்லை." இதையே மூன்று தடவை சொன்னார்கள்.

5:39
மதுரை சித்தப்பா: வீட்டுக்கு வந்தார்களா? எனக்குத் தெரியவே தெரியாதே.

5:40
பெரியப்பா: எனக்கும்தான்.

5:52
நான்: அத்தை பார்த்துவிட்டார்கள். நீல டிக் விழுந்திருக்கிறது.

6:30
பெரியம்மா: மதினி, இருக்கிறீர்களா?

இரவு 8:47
பெரிய அத்தை: எனக்குத் தெரியும். கதவுக்குப் பின்னால நின்னேன்

8:55
பெரிய அத்தை: அடுத்த ஞாயிறு என்னையும் கூட்டிட்டுப் போ தம்பி. பேத்தி தூங்குது. இது நானே அடிச்சது